பழைய அமெரிக்க அரை ஏப்ரன்கள்: சேகரிப்பவர்கள், தைப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பொத்தான்பெட்டி (ஒஹாயோ)

வணக்கம். நான் இருக்கும் பக்கம் ஒரு வீட்டில் வயதானவர் தவறிவிட்டால், பிள்ளைகள் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதிச் சாமானை அந்த வீட்டிலேயே விலை ஒட்டி விற்றுவிடுவார்கள். எஸ்டேட் சேல் என்பார்கள். முதல் நாள் முழு விலை, கடைசி நாள் பாதி விலை. நான் எப்போதும் கடைசி நாள் ஆள்.

போன மாதம் அப்படிப் போன ஒரு வீட்டில், மேஜை விரிப்புகள் இருந்த இழுப்பறைக்கு அடியில் 9 அரை ஏப்ரன்கள், அதாவது சமையலறையில் உடைக்கு மேல் முன்னால் கட்டும் துணிகள், கிடைத்தன. மொத்தம் 12 டாலர். மார்பை மறைக்கும் பகுதி கிடையாது. இடுப்பில் சுற்றி, பின்னால் பூ முடிச்சு போடும் வகை. ஒன்று பச்சை வெள்ளைக் கட்டம், கட்டங்களுக்குள் வெள்ளை நூலில் நட்சத்திரம் நட்சத்திரமாக வேலைப்பாடு. ஒன்று கை தெரிகிற மாதிரி மெல்லிய ஆர்கன்சா. ஒன்று கைக்குட்டைகளைச் சேர்த்துத் தைத்தது, கீழே முனைகள் கூராகத் தொங்குகின்றன. இன்னொன்று கொஞ்சம் முரட்டுப் பருத்தி, ஊதாப் பூ, ஓரத்தில் வளைவு வளைவான ரிக்ராக் லேஸ். எனக்கு அதன்மேல்தான் கண்.

மூன்று சந்தேகம். எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது? எப்படித் துவைப்பது? அதே மாதிரி ஒன்று தைக்க எவ்வளவு துணி வேண்டும்?

கடுகுதாளிப்பு (சென்னை)

நான்காவது சந்தேகம் என்னுடையது. இதைக் கட்டிக்கொண்டு என்ன சமைப்பது? கடுகு என்ன இடுப்புக்குக் கீழே குறிபார்த்தா தெறிக்கும்? நம் ஊர்ப் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகியதற்குக் காரணம் இருக்கிறது.

சீட்டித்துணி (புதுச்சேரி)

கடுகு, சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான். அந்த ஆர்கன்சா அடுப்புக்குப் பக்கத்திலேயே போயிருக்காது. அது விருந்தாளி ஏப்ரன். 1950களில் அமெரிக்க நடுத்தர வீடுகளில், சமையலை முடித்துவிட்டு வேலை ஏப்ரனைக் கழற்றி மாட்டி, இதைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். "நான்தான் சமைத்தேன், ஆனால் வேர்க்கவில்லை" என்று சொல்லாமல் சொல்வது. மாவு பிசைய, பாத்திரம் கழுவ மார்புவரை மூடுகிற ஏப்ரன் தனியாக இருந்தது. கட்டம் போட்டதும் ஊதாப் பூவும் அன்றாடம் கட்டியதாக இருக்கலாம்.

பொத்தான்பெட்டி, முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பூவும் நிறமும் ஏமாற்றும்; 1930களின் அச்சை இன்றைக்கும் புதிதாகப் போட்டு விற்கிறார்கள். உள்பக்கத்தைத் திருப்புங்கள்.

முதலில் அகலம். இடப்பக்க ஓரத்திலும் வலப்பக்க ஓரத்திலும் நெசவுக் கரை, அதாவது நூல் பிரியாமல் தறியிலேயே நெய்த ஓரம், அப்படியே இருக்கிறதா? இருந்தால் துணியின் முழு அகலத்தையும் வெட்டாமல் ஏப்ரனின் பாவாடைப் பகுதியாக்கியிருக்கிறார்கள். சுருக்கை விரித்து அளந்து பாருங்கள். 36 அங்குலம் வந்தால் பெரும்பாலும் 1960களுக்கு முந்தைய துணி. அதற்குப் பிறகு 44, 45 அங்குலம்தான் வழக்கமாயிற்று.

அடுத்தது லேபிள். வீட்டில் தைத்ததில் இருக்காது. கடையில் வாங்கியதில், "இத்தனை சதவீதம் பருத்தி" என்று இழை விவரம் இருந்தால் 1960க்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளலாம், அந்த ஆண்டுதான் அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. எப்படித் துவைக்க வேண்டும் என்ற குறிப்புத் துணிக்குள்ளேயே இருந்தால் 1972க்குப் பிறகு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். இணையத்தில் ஒருவர் "1940கள், அசல்" என்று போட்டு விற்றதை ஆசையாக வாங்கினேன். வந்ததும் திருப்பினால், இடுப்புப் பட்டிக்குள் அரை அங்குல நைலான் துண்டு. துவைக்கும் குறிப்பை ஒட்ட நறுக்கியிருக்கிறார், வேர் மட்டும் மிச்சம். நறுக்கத் தெரிந்தவருக்குத் தையலைப் பிரிக்கச் சோம்பல்.

ரெண்டுநூல் (திருப்பூர்)

வணக்கம் மேடம். நான் தையல்காரன், 22 வருஷமாக மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். நூலையும் பாருங்கள். கீழ் மடிப்புக்குள் எங்காவது நூல் வால் தொங்கும், அதில் கால் இன்ச் போதும். ஏப்ரனை விட்டுத் தள்ளி வந்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியாகக் கடுகு மாதிரி உருண்டை நிற்கும். உருண்டை வந்தால் ரொம்பப் பழசு இல்லை. ஆனால் ஒரு இடத்து நூலை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிற்பாடு யாராவது கிழிசல் தைத்திருக்கலாம். பட்டியில் ஒன்று, பையில் ஒன்று, மடிப்பில் ஒன்று என்று எடுத்துப் பாருங்கள்.

நூல் பிரியாமல் சுற்றித் தைக்கிற ஓவர்லாக் அடித்த ஓரமா, பல் பல்லாக வெட்டும் கத்தரியில் வெட்டிய ஓரமா என்றும் சொல்லுங்கள். அந்தக் காலத்து வீட்டு மிஷினில் ஓவர்லாக் வராது.

பொத்தான்பெட்டி

நேற்று ராத்திரி 9 ஏப்ரனையும் உள்பக்கம் திருப்பி மேஜையில் போட்டேன். கணவர் வந்து பார்த்துவிட்டு, பேசாமல் போய்விட்டார்.

ஊதாப் பூவில் ஓவர்லாக் இல்லை. மூன்று இடத்திலும் நூல் சாம்பலாகத்தான் உதிர்ந்தது. ஆனால் கரை இல்லை. அதற்குப் பதில், பக்க மடிப்பைப் பிரித்தால் ஓரத்தை ஒட்டி வரிசையாகத் துளைகள். ஊசித் துளையைவிடப் பெரிசு, சம இடைவெளியில். நூல் எதுவும் இல்லை. என்ன அது? பூச்சியா?

சீட்டித்துணி

பூச்சி இல்லை. உங்களுக்கு அதிர்ஷ்டம்! அது தீவனச் சாக்கு.

அமெரிக்காவில் கோழித் தீவனம், மாவு, சர்க்கரை எல்லாம் பருத்திச் சாக்கில் வந்த காலம் உண்டு. கிராமத்துப் பெண்கள் சாக்கைப் பிரித்து, கம்பெனிப் பெயரைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கி, உள்பாவாடை, துண்டு, குழந்தைச் சட்டை என்று தைத்தார்கள். ஆலைக்காரர்களுக்கு இது தெரிந்தது. 1920களின் நடுவில் கட்டம் போட்ட துணியிலேயே சாக்கு தைத்து, மாவுக்குக் கட்டக்காரி என்று அர்த்தம் வரும் ஜிங்ஹாம் கேர்ள் என்ற பெயரையே வைத்தது செயின்ட் லூயிஸ் ஆலை ஒன்று. பிறகு போட்டி போட்டுக்கொண்டு பூ, கோடு, கோழிக்குஞ்சு என்று அச்சடித்தார்கள். பெயரைத் துவைத்தால் போகும் மையில் போட்டார்கள், அல்லது காகிதமாக ஒட்டினார்கள். 100 பவுண்டு சாக்கு ஒன்றைப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு கெஜம் துணி. ஒரு ஏப்ரனுக்கு ஒரு சாக்கு. ஒரு கவுனுக்கு மூன்று வேண்டும், மூன்றும் ஒரே பூவாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும் வீட்டுக்காரரிடம் துணித் துண்டைக் கொடுத்து, இதே பூவில் தீவனம் வாங்கிவா என்று அனுப்புவார்கள்.

1930களின் பொருளாதாரப் பஞ்சத்திலும், இரண்டாம் உலகப்போரில் துணி தட்டுப்பாடானபோதும் இது உச்சத்தில் இருந்தது. காகிதப் பையும் பிளாஸ்டிக்கும் வந்து 1960களில் ஓய்ந்தது.

துணி முரடாக இருப்பதை மட்டும் வைத்துச் சாக்கு என்று சொல்ல முடியாது, அதே தரத்தில் கெஜக்கணக்கிலும் விற்றார்கள். அந்தத் துளை வரிசைதான் சாட்சி. சங்கிலித் தையல் போட்டு மூடிய இடம் அது. துவைத்தாலும் தடம் எளிதில் போகாது.

கடுகுதாளிப்பு

அரிசி மூட்டை நூலா! சரியான முனையைப் பிடித்தால் சர்ரென்று ஒரே இழுப்பில் வரும், தப்பான முனையைப் பிடித்தால் கத்தரிக்கோல், கத்தி, கடைசியில் பல். கோழிக்காரம்மாக்களும் இதே பாடுதான் பட்டிருப்பார்கள். எனக்கு இப்போது இந்த உரையாடல் இழை பிடித்துவிட்டது.

மலைநாட்டான் (ஹட்டன், இலங்கை)

சாக்கு என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் தோட்டத்தில் அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் படங்கு கட்டுவார். விடியற்காலையில் தேயிலைச் செடி முழுக்கப் பனித்தண்ணீர். இடுப்பளவு செடிக்குள் புகுந்து நிரை நிரையாகப் போக வேண்டும். வெறும் சேலையோடு போனால் பத்து நிமிடத்தில் நனைந்து, கவ்வாத்து பண்ணின, அதாவது வெட்டிவிட்ட, குச்சியில் மாட்டிக் கிழியும். அதனால் சேலைக்கு மேல் சாக்கையோ தடித்த படங்கையோ சுற்றிக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். எங்கள் அம்மா உரச்சாக்கைப் பிரித்து, மேல் விளிம்பை மடித்துக் கயிறு கோர்த்துத் தைத்து வைத்திருந்தார். இடுப்புக்குக் கீழேதான், மார்புக்கு ஒன்றும் இல்லை. தெறிக்கிற கடுகு அங்கே கிடையாது, நனைக்கிற செடிதான்.

அதை யாரும் சேகரிக்க மாட்டார்கள். கிழிந்தால் கால் துடைக்கப் போட்டுவிடுவோம்.

பொத்தான்பெட்டி

மலைநாட்டான், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் அம்மா தைத்த படங்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

மலைநாட்டான்

இல்லை. கயிறு மட்டும் கொஞ்ச நாள் துணி காயப்போடும் கொடியாகக் கிடந்தது.

ஊசிமுனை (டொராண்டோ, சொந்த ஊர் பருத்தித்துறை)

வணக்கம். அந்தப் பச்சைக் கட்ட ஏப்ரனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. அதுதான் எனக்கு விருப்பமான வேலை. சிக்கன் ஸ்க்ராட்ச் என்று அமெரிக்காவில் சொல்லுவார்கள், கோழி கிளறின தடம் மாதிரி. பஞ்ச காலத்து லேஸ் என்றும் பெயர் உண்டு. லேஸ் வாங்கக் காசில்லாதவர்கள் நூலால் லேஸ் மாதிரிக் காட்டினது.

கட்டத் துணியை உற்றுப் பாருங்கோ. மூன்று நிறக் கட்டம் இருக்கும்: கடும்பச்சை, இளம்பச்சை, வெள்ளை. கடும்பச்சைக் கட்டத்துக்குள் வெள்ளை நூலால் ஒரு கூட்டல், அதன்மேல் ஒரு பெருக்கல், ஆக எட்டுக் கால் நட்சத்திரம். வெள்ளைக் கட்டத்துக்குள் பச்சை நூலால் அதையே போட்டால் அந்த இடம் இருளும். இளம்பச்சைக் கட்டங்களில் நேர் தையல் மட்டும். கடைசியில் ஒரு கட்டத்தைச் சுற்றி நிற்கிற நாலு நேர் தையலுக்கும் அடியால் ஊசியை விட்டு வட்டமாகச் சுற்றி எடுத்தால் பூ மாதிரி வரும். அந்தச் சுற்றில் நூல் துணிக்குள் இறங்கவே கூடாது, தையலுக்குக் கீழால் மட்டும் போக வேண்டும். இந்த மூன்றுதான் மொத்த வித்தை. மிச்சமெல்லாம் எண்ணுகிற வேலை.

செய்ய விருப்பமென்றால் கால் அங்குலக் கட்டம் வாங்குங்கோ, ஆறிழை நூலில் மூன்றிழை பிரித்தெடுங்கோ. முக்கியம், நெய்த கட்டமாக இருக்க வேண்டும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறி இருந்தால் அது அச்சுக் கட்டம். அச்சுக் கட்டம் நூலோட்டத்தோடு சரியாக நிற்காது. நாலு வரிசை போனதும் நட்சத்திரம் சரிந்துவிடும். நான் ஒரு முழுப் பட்டி வேலையைப் பிரித்திருக்கிறேன்.

சீட்டித்துணி

கட்டத் துணிக்கு ஆங்கிலத்தில் ஜிங்ஹாம் என்று பெயர். மலாய்ச் சொல்லிலிருந்து போனது என்பார்கள், அங்கே முதலில் கோடு போட்ட துணிக்குத்தான் அந்தப் பெயர். பூப்போட்ட சின்ட்ஸ் நம் சீட்டியின் உறவுக்காரன், என் புனைபெயரும் அதுதான். ஏப்ரன் என்ற சொல்லே பிழையில் பிறந்தது. முன்பு நேப்ரன், பிரெஞ்சில் சிறு மேஜைவிரிப்பு. "எ நேப்ரன்" என்று சொல்லிச் சொல்லி, "ந" என்ற எழுத்து முன்னால் ஒட்டிக்கொண்டு "ஆன் ஏப்ரன்" ஆகிவிட்டது. நாரத்தையின் சொந்தக்காரன் ஆரஞ்சும் போகிற வழியில் தன் "ந" எழுத்தைத் தொலைத்தவன்தான். சரி, இழையைத் திசைதிருப்பவில்லை, நிறுத்திக்கொள்கிறேன்.

பொத்தான்பெட்டி

ஒரு கெட்ட செய்தி. கைக்குட்டை ஏப்ரனில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. அவசரப்பட்டு வெள்ளைத் துணிக்குப் போடும் குளோரின் ப்ளீச்சில் நனைத்துவிட்டேன். புள்ளி போகவில்லை, இன்னும் கருத்துவிட்டது. சிவப்பு ஓரம் வேறு சாயம் விட்டு, பக்கத்து ரோஜாவெல்லாம் இளஞ்சிவப்பு. நன்றாகத் திட்டுங்கள்.

ஊசிமுனை

திட்ட மாட்டேன், நானும் செய்தவள்தான். கருத்தது துரு. குண்டூசி குத்தி வைத்திருந்திருப்பார்கள். குளோரின் பட்டால் துரு இன்னும் பிடிக்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் அந்த இடத்தில் மட்டும் வைத்து, கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கோ. ஊறவிட்டுவிட்டு மறந்து போகாதேங்கோ, பழைய இழை நைந்துவிடும்.

மற்றதுகளுக்கு முதலில் சாயம் பாருங்கோ. ஈர வெள்ளைத் துண்டை ஒவ்வொரு நிறத்தின்மேலும் ஒரு நிமிடம் அழுத்துங்கோ. நிறம் ஏறினால் அதை ஊறவைக்கக் கூடாது. ஏறாவிட்டால் சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் ப்ளீச்சில், வெதுவெதுப்பான தண்ணீரில், ராத்திரி முழுக்க ஊறவிடலாம். மஞ்சள் மெதுவாக இறங்கும், தண்ணீர் தேத்தண்ணீர் நிறமாகும். தேய்க்க வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம்.

ரெண்டுநூல்

எடுத்து வைக்கும்போது கஞ்சி போடாதீர்கள் மேடம், இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், ஈரம் தேங்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டி இருந்தால் அதில் சுருட்டி வையுங்கள், மடித்தால் மடிப்பிலேயே கிழியும். வசம்பைச் சின்னத் துணியில் முடிந்து ஓரமாகப் போடலாம்.

கடுகுதாளிப்பு

வேட்டியில் சுருட்டி, வசம்பு வைத்து, பரண்மேல். அப்புறம்? கட்டவே போவதில்லையா? அந்த அம்மா கட்டத்தானே தைத்தார்?

சீட்டித்துணி

தீவனச் சாக்கை அடுப்படியில் கட்ட வேண்டாம் என்பது என் கட்சி. அந்தத் துணி இனி வராது.

கடுகுதாளிப்பு

அந்த அம்மாவுக்கு அது கோழித் தீவனம் வந்த பை. நீங்கள்தான் அதைப் பட்டு ஆக்குகிறீர்கள்.

பொத்தான்பெட்டி

சண்டை வேண்டாம். ஊதாப் பூவில் இன்னொன்று பார்த்தேன். பை ஒன்றே ஒன்று, வலப்பக்கம். பையின் வாய் நைந்து, உள்ளே வேறு துணி வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார். ஒட்டுத் துணியில் மஞ்சள் பூ, அது வேறொரு சாக்கு. இடப்பக்கம் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே துணி தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. நான் கட்டிப் பார்த்தபோது புரிந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பு சரியாக அந்த உயரத்தில்தான் என்னை இடிக்கிறது. இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறார்.

அதனால் இதைப் போலவே ஒன்று தைத்து அதைக் கட்டலாம் என்று இருக்கிறேன். ரெண்டுநூல் அண்ணா, அளவு சொல்லுங்கள்.

ரெண்டுநூல்

44 இன்ச் அகலத்தில் ஒரு மீட்டர் போதும். சுருங்காமல் இருக்க முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பாப்ளின் அல்லது கொஞ்சம் கனமான கேம்பிரிக் எடுங்கள். புடவைக் கடையில் தருகிற டூ பை டூ ரவிக்கைத் துணி வேண்டாம், ஏப்ரன் தொங்காது, ஒட்டும்.

பாவாடை 36 அகலம், 23½ நீளம். இதில் கீழே 3 இன்ச் மடிப்புக்கு, அரை இன்ச் மேல் தையலுக்கு. தைத்தால் 20 நிற்கும். அந்தக் காலத்து ஏப்ரனில் கீழ் மடிப்பு அகலமாக இருப்பது அழகுக்கு மட்டும் இல்லை, அந்தக் கனம்தான் துணியைக் கீழே இழுத்து நிறுத்தும். அரை இன்ச் மடித்து அடித்தால் ஏப்ரன் காற்றில் பறக்கும், கைதுடைக்கும்போது சுருண்டு மேலே வரும்.

பாவாடைக்குப் பக்கத்தில் 8 இன்ச் துண்டு மிஞ்சும், அது பைக்கு. கீழே மிஞ்சும் 15 இன்ச்சில் நாடா இரண்டு, ஒவ்வொன்றும் 4க்கு 36. பட்டி ஒன்று, 5க்கு 19. நாடாவின் நீள ஓரங்களை அரை அரை இன்ச் மடித்து அடியுங்கள், 3 இன்ச் அகலம் நிற்கும். ஒல்லி நாடா போட்டால் பின்னால் பூ முடிச்சு வராது, கோவணக் கயிறு மாதிரி இருக்கும். மன்னிக்கவும், வாயில் வந்துவிட்டது.

சுருக்குதான் எல்லோரும் கெடுப்பது. மிஷினில் தையலை இருப்பதிலேயே பெரிசாக வையுங்கள். மேல் ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் ஒரு வரி, அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு வரி. இரண்டு வரி கட்டாயம், ஒன்று போட்டால் சுருக்கு புரண்டு படுத்துவிடும். பாவாடையையும் பட்டியையும் நான்காக மடித்து அடையாளம் வைத்து, அடையாளத்துக்கு அடையாளம் குண்டூசி குத்திவிட்டு, பாபின் நூலை, அதாவது அடி நூலை, மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் மெதுவாக இழுங்கள். பாவாடை 18 இன்ச்சுக்கு வந்ததும் நூலைக் குண்டூசியில் எட்டு போட்டுச் சுற்றுங்கள். இரண்டு வரிக்கும் நடுவில் தைக்க வேண்டும். வெளியே தெரியும் சுருக்கு நூலைக் கடைசியில் உருவிவிடலாம்.

பட்டியைப் பாதியாக மடித்து நாடா முனையை உள்ளே விட்டு மூடுவீர்கள். நாடா 3 இன்ச், பட்டி 2 இன்ச். அதனால் நாடா முனையில் ஒரு மடிப்பு வைத்துச் செருகுங்கள். உங்கள் பழைய ஏப்ரனிலும் அப்படித்தான் இருக்கும், பாருங்கள்.

பொத்தான்பெட்டி

பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது!

பொத்தான்பெட்டி (மூன்று வாரம் கழித்து)

தைத்து முடித்தேன். முதல் பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தேன். ரிக்ராக் லேஸை வளைவின் உச்சியில் தைக்காமல் நடுவில் ஒரே நேர்க்கோடாக ஓட்டினேன், துவைத்ததும் இரண்டு பக்கமும் நாய்க்காது மாதிரி மடங்கி நிற்கிறது. அடுத்ததில் வளைவோடு வளைவாகப் போக வேண்டும். பையை வலப்பக்கம்தான் வைத்தேன். அளவு எடுக்கக் கட்டி நின்றபோது, பழைய ஏப்ரனின் நாடாவும் என் நாடாவும் ஒரே நீளம், ஆனால் எனக்குப் பூ முடிச்சு சின்னதாக வருகிறது. அந்த அம்மா என்னைவிட ஒல்லி.

நேற்று அதைக் கட்டிக்கொண்டு வத்தக்குழம்பு வைத்தேன்.

கடுகுதாளிப்பு

தெறித்ததா?

பொத்தான்பெட்டி

சட்டையில். ஏப்ரனில் ஒரு சொட்டு இல்லை.